படப்பெட்டி முனியப்பன்

தன்னை யாராவது வேறொருவராக நினைத்துக்கொண்டால், அந்த நினைப்பைத் திருத்துவது அவருக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. எதிராளி ஆசையாக ஒன்றை நம்பிக்கொண்டு வந்து நிற்கிறான். அதைத் தட்டிவிட நாம் யார் என்பது அவர் கட்சி. ஆகவே உலகம் அவரைப் பார்த்து எதைக் கேட்டாலும் அவர் "ஆமாங்க" என்றார்.

அயோத்தியாப்பட்டணத்தில் ஒருநாள் வண்டி நின்றுபோய், ஸ்பானர் வைத்திருந்த தோல்பையோடு ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். இருமிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் பையைப் பார்த்தார். "டாக்டருங்களா?" என்றார். "ஆமாங்க." பெரியவர் சட்டையைத் தூக்கி நெஞ்சைக் காட்டினார். இவர் காதை வைத்து, இஞ்சினைக் கேட்கிற மாதிரியே வெகுநேரம் கேட்டார். "உள்ள வால்வு லேசாத் தட்டுதுங்க. மேட்டுல முடுக்காதீங்க, பள்ளத்துல உருட்டி விடுங்க." இத்தனை வருஷத்தில் ஒரு டாக்டராவது புரிகிற மாதிரி பேசினாரே என்று பெரியவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

திருச்செங்கோட்டில் ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் அவரை மாப்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட மாமன் என்று நினைத்தார்கள். ஆமாங்க. பந்தியில் முதல் வரிசை. சாப்பிட்டு முடிப்பதற்குள் சீர்வரிசைத் தகராறு ஒன்று மூண்டு, மாமன் என்ற முறையில் அவரே பஞ்சாயத்துக்கும் உட்கார வேண்டியதாயிற்று. பெண் வீட்டார் சொன்னதற்கும் ஆமாங்க, மாப்பிள்ளை வீட்டார் சொன்னதற்கும் ஆமாங்க. இருவருமே ஜெயித்துவிட்டதாக நினைத்துத் தாலி கட்டவிட்டார்கள்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எதை எழுதினாலும் அதற்கும் அவர் ஆமாங்க என்றுதான் சொல்வார்.

உண்மையான உத்தியோகம் படப்பெட்டி கொண்டுபோவது. எருமப்பட்டியில் ஒரு டூரிங் கொட்டகை, சேந்தமங்கலத்தில் ஒரு டூரிங் கொட்டகை. இரண்டுக்கும் ஒரே முதலாளி, ஒரே படம். எருமப்பட்டியில் முதல் பாதி ஓடி முடிந்ததும் அந்தச் சுருள்களைப் பெட்டியில் அடைத்து மோட்டார் சைக்கிளில் சேந்தமங்கலத்துக்குப் பறக்க வேண்டும். அது அங்கே ஓடிக்கொண்டிருக்கும்போதே திரும்பி வந்து, மறுபாதியை எடுத்துக்கொண்டு மறுபடியும் பறக்க வேண்டும். எல்லாம் முடிந்தபிறகு மொத்தப் படத்தோடும் திரும்பி வர வேண்டும். இங்கே கல்யாணம் முடிந்து சுபம் போடுகிற நேரத்தில் அங்கே பெண் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நான் அந்தக் கொட்டகைகளுக்கு நோட்டீஸ் எழுதுகிறவன். பகலெல்லாம் 'கண்டு களியுங்கள்', 'பாட்டுகள் ஏராளம்' என்று எழுதிவிட்டு, இரவில் வண்டியின் பின்னால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். வெறுமனே கயிறு போட்டுக் கட்டினால் சுருள்கள் குலுங்கிக் கதாநாயகியின் கன்னத்தில் கீறல் விழுந்துவிடும். என் முதுகு வளைந்தாலும் அவள் கன்னம் கெடக்கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. என்னை அவர் "கவிராயரே" என்பார். அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ள எனக்கு அப்போது வயது போதவில்லை.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து வெள்ளைக்காரன் ஒருவன் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி அது. சைலன்சர் மலையிறங்கும்போதே எந்த வளைவிலோ விழுந்துவிட்டதாம். அவர் அதைத் தேடவும் இல்லை, வேறொன்றை மாட்டவும் இல்லை. முன்னால் கார்பைடு விளக்கு. தண்ணீர் சொட்டச் சொட்ட வாயு கிளம்பி எரிகிற விளக்கு அது. மேட்டில் மங்கிப் பள்ளத்தில் சுவாலை விட்டு, வழியெல்லாம் பூண்டு நாற்றம் நாறும்.

நாமக்கல்லைச் சுற்றிப் போனால் நல்ல ரோடு உண்டு. நேரம் பத்தாது. நாங்கள் போனது கொல்லிமலை அடிவாரத்தை ஒட்டிய தடம். அதை ரோடு என்று சொன்னால் ரோடு கோபித்துக்கொள்ளும். கிளுவை வேலிகளுக்கு நடுவே மாட்டு வண்டிகள் கிழித்த இரண்டு கோடுகள். யார் காட்டையும் மிதிக்காமல் போகவேண்டும் என்ற பயத்தில் நெளிந்து நெளிந்து, ஒரு கிணற்றைச் சுற்றி, ஒரு பாறைக்கு வழிவிட்டு, பள்ளத்தில் இறங்கி மணலில் காணாமற்போய், அக்கரையில் வேறு யாரோ போல எழுந்து வரும் தடம். நிலாவில் சோளத்தட்டுகள் வெளுத்து நிற்கும். மலை கூடவே ஓடிவரும். ஒரு வளைவில் வலப்பக்கம், அடுத்த வளைவில் முதுகுப்பக்கம், அப்புறம் நேர் எதிரில் வழிமறித்துக்கொண்டு. வெளிச்சத்தில் அகப்பட்ட முயல் எங்கே ஒதுங்குவதென்று தெரியாமல் எங்களுக்கு முன்னாலேயே வழிகாட்டிக்கொண்டு ஓடும். கடலைக்காட்டு மண் வாசம், ஆட்டுப்பட்டியின் மூத்திரக் காட்டம், பள்ளத்தில் சில்லென்று ஒரு காற்று. இவ்வளவையும் நான் அனுபவித்துக்கொண்டிருக்கும்போது முன்னாலிருந்து அவர் கத்துவார்: "கவிராயரே, பெட்டி இருக்குதுங்களா, உளுந்துருச்சுங்களா?"

பாதி வழியில் ஒரு சிற்றூர். முப்பது நாற்பது வீடு இருக்கும். அதைத் தாண்டுகிற வளைவில் ஒரு நடுகல், அதன்மேல் சுண்ணாம்பும் காவியும். ஒருநாள் அங்கே விளக்கு அணைந்துபோயிற்று. நிறுத்தித் தண்ணீர் ஊற்றும்போது கல்லின்மேல் ஒரு சுருட்டு இருப்பதைப் பார்த்தார். எடுத்துப் பற்றவைத்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. அதற்குள் ஒரு தெய்வம் பிறந்துவிட்டது.

அந்தப் பக்கத்து முனியப்பன் இரவில் வேட்டைக்குப் போகிறவர். அவர் போகும் வழிக்கு முனி ஓட்டம் என்று பெயர். சத்தம் கேட்டதும் கதவைச் சாத்திவிட வேண்டும். எட்டிப் பார்த்தவன் ரத்தம் கக்குவான். ஆகவே அந்த ஊரில் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. இடிபோல ஒரு சத்தம் வருகிறது, கதவு இடுக்கில் நெருப்புப்போல ஒரு வெளிச்சம் போகிறது, ஒரு நாற்றம் வீசுகிறது. விடிந்து பார்த்தால் கல்லில் வைத்த சுருட்டு இல்லை. இதற்குமேல் ஒரு முனியப்பன் என்ன செய்துகாட்ட வேண்டும்? பகலில் நாங்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. பஸ்ஸைப் பார்த்தவர்கள்தான் அவர்கள். ஆனால் பஸ் ராத்திரியில் கிளுவை வேலிக்குள் ஓடாது, சுருட்டும் பிடிக்காது.

ஒரு சுருட்டு ஒரு கட்டாயிற்று. அவித்த முட்டை வந்தது. பிறகு வறுத்த கோழி. ஜில்லாவில் கள்ளையும் சாராயத்தையும் நிறுத்திவிட்டிருந்த சமயம் அது. ஆனால் அந்தக் கல்லின்மேல் ஒரு கலயம் மட்டும் தவறாமல் இருந்தது. போலீசாரும் கேட்க முடியாத ஒரே குடிகாரர் முனியப்பன். கோழியில் தொடை எனக்கு, மற்றது அவருக்கு. ராத்திரிக்குப் போக வர என்று நாலு நடை நாங்கள் போவதால், ஊரில் பாவம் பெருகிவிட்டது, முனி ஓயாமல் சுற்றுகிறார் என்று பேச்சாம். இதெல்லாம் எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

தெரியவந்தது இப்படி. ஒரு இரவு அந்த வளைவில் திரும்பினோம். தடத்தின் நடுவில் ஒரு பெண் நின்றிருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை, கையில் சீமாறு. இவர் கால்கள் இரண்டையும் தரையில் தேய்த்து வண்டியை நிறுத்தினார். அவள் நகரவில்லை. விளக்கு வெளிச்சத்தில் எங்களை மேலும் கீழும் பார்த்தாள். குழந்தை அலறிற்று.

"ஏனுங்க, நீங்கதான் முனியப்பனுங்களா?" என்றாள்.

அவர் பதில் என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆமாங்க" என்றார்.

"முனியப்பனுக்குச் சளி ஒழுகுமுங்களா?"

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். எதிர்காற்றில் ஓட்டுகிறவருக்கு எப்போதும் அந்தத் தொந்தரவு உண்டு. தெய்வமாக இருப்பது உடம்புக்கு ஆகாத வேலை.

"சாமியா இருந்தாக் கும்புட்டுக் கேக்கலாம், பேயா இருந்தா சீமாத்துல ரெண்டு போடலாம்னு வந்தனுங்க. ரெண்டுமில்லியே நீங்க. எங்கூட்டுக்காரரு கட்டலுக்கடியில பூந்து கெடக்கறாரு. உங்களுக்குப் பயந்தா?" என்றாள்.

அப்புறம் விளக்கைத் திருப்பச் சொல்லிக் காட்டினாள். தடத்தை ஒட்டி, மார்பளவு எழும்பிய மண்சுவர் நாலுபுறமும். அவளும் புருஷனும் பண்ணையக்காரரின் காட்டில் வேலை செய்கிறவர்கள். அவருடைய மாட்டுச்சாளையின் ஒரு மூலையில்தான் குடியிருப்பு. மாடு சாணி போட்டால் குழந்தையின் மேல் தெறிக்கும். அவள் அப்பன் விட்டுப்போன இந்தத் துண்டு நிலத்தில் மண் குழைத்துக் குழைத்து, வேலை முடிந்து வந்த பொழுதுகளில் இருவருமாகச் சுவர் எழுப்பியிருந்தார்கள். ஐப்பசி மழைக்குள் ஓலை போட்டுவிட வேண்டும். இப்போது ஊர்கூடி, முனி ஓட்டத்தின்மேல் வீடு கட்டினால் ஊரே விளங்காது, வருகிற வெள்ளிக்கிழமைக்குள் இடித்துத் தரைமட்டமாக்கு என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர் பண்ணையக்காரர்தான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நிஜமாகவே பயந்துபோய்ச் சொல்லியிருந்தார். பயந்தவனோடு வாதாட முடியாது.

"நாளைக்குப் பகல்ல ஊருக்குள்ள வந்து, அந்தச் சத்தம் நாந்தானுங்கன்னு ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க. வாரீங்களா?"

"ஆமாங்க, வாரனுங்க."

வந்தார். அதைக் குறை சொல்ல முடியாது. வண்டியோடு வந்திருந்தால் உதைத்துக் காட்டியே காரியத்தை முடித்திருக்கலாம். முதலாளி இரவுக்கு மட்டும் பெட்ரோல் அளந்து ஊற்றுகிறவர். நடந்து போனோம். காக்கிக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்தார், சொல்கிற விஷயத்துக்கு ஒரு மதிப்பு வேண்டுமென்று. அங்கேதான் கெட்டது.

சுவரோரத்தில் ஊர் கூடியிருந்தது. அவளும் புருஷனும் ஒரு பக்கமாக நின்றார்கள். பண்ணையக்காரர் எங்களைக் கண்டதும் துண்டை இறக்கி எதிர்கொண்டு வந்தார்.

"வாங்க வாங்க. சர்வே ஆபீசிலிருந்துங்களா? எழுதிப்போட்டு ஆறு மாசமா வழிபாத்துக் கண்ணு பூத்துப்போச்சுங்க."

"ஆமாங்க."

நான் கோட்டைப் பிடித்து இழுத்தேன். "இல்லீங்க, இவரு வந்து—" என்று ஆரம்பித்தேன். பண்ணையக்காரர் என்னைப் பார்த்தார். "இவரு சங்கிலி புடிக்கற ஆளுங்களா?"

"ஆமாங்க" என்றார் அவர்.

நிலம் அளக்கச் சங்கிலி பிடிக்கிறவன் பேச்சை எந்த ஊரில் கேட்பார்கள்? எங்களுக்கு மோர் வந்தது. காட்டைச் சுற்றிக் காட்டினார்கள். கடைசியில் பண்ணையக்காரர் மண்சுவரருகே நின்று, ஒரு குழந்தையின் ஆவலோடு கேட்டார்: "ஐயா நாலு ஊரு பாத்தவங்க. இது முனி ஓட்டந்தானுங்களே?"

எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அவளைப் பார்த்தார். பண்ணையக்காரரைப் பார்த்தார்.

"ஆமாங்க."

ஒரு கூடை கத்தரிக்காய் கொடுத்து வழியனுப்பினார்கள். வேலியோரம் அவள் வந்து நின்றாள். கோபித்துக்கூடப் பேசவில்லை.

"நீங்க முனியாவே இருந்திருக்கலாமுங்க. முனின்னாச் சொன்னதச் செய்யும்" என்றாள்.

எருமப்பட்டிவரை அந்தக் கூடையை நான்தான் சுமந்தேன். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

"வாய்க்குள்ள என்ன வெச்சிருந்தீங்க? ஒரே ஒரு 'இல்லீங்க'. ஒரு குடும்பம் பொழச்சிருக்கும்."

"அவரு எவ்வளவு ஆசையாக் கேட்டாரு, பாத்தீங்கல்ல? மொகத்துக்கு நேரா எப்பிடீங்க இல்லீங்கறது?"

"அந்தப் புள்ளகிட்டயும் ஆமாங்கன்னுதானே சொன்னீங்க?"

அவர் நின்றுவிட்டார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. சாயங்கால வெயிலில் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"ரெண்டு ஆமாங்கவும் ஒண்ணோடொண்ணு முட்டிக்கிச்சுங்க, கவிராயரே. இதுவரைக்கும் முட்டுனதில்ல."

அன்றிரவு முதல் பாதியோடு கிளம்பினோம். ஊருக்கு முன்னால் தடம் பிரியும் இடத்தில் வழக்கமாக இடப்பக்கம் திரும்ப வேண்டும். அவர் வலப்பக்கம் திருப்பினார். "வழி தப்புதுங்க" என்று கத்தினேன். காதில் விழவில்லையா, விழாத மாதிரி இருந்தாரா தெரியாது. அது மாடுகள் மட்டுமே போகிற சந்து. கிளுவை முள் இரண்டு தோளையும் பிறாண்டிற்று. பெட்டி என் வயிற்றில் இடித்தது. ஒரு கிணற்று மேட்டை ஏறி, களத்தைத் தாண்டி, சந்து ஒரு பெரிய ஓட்டு வீட்டுக்கும் அதன் மாட்டுச்சாளைக்கும் நடுவே போய் நுழைந்தது. பண்ணையக்காரர் வீடு.

அவர் அங்கே வண்டியை முடுக்கிய முடுக்கு இருக்கிறதே, ஏற்காட்டு வெள்ளைக்காரன் சீமையில் தூக்கம் விழித்திருப்பான். மாடுகள் கயிற்றை அறுத்தன. கோழிகள் கூரையேறின. நாய்கள் குரைக்க வந்து, யோசித்து, திரும்பிப் போயின. உள்ளே யாரோ முனியப்பனின் பெயரை விடாமல் சொல்லும் குரல் கேட்டது. அது பண்ணையக்காரரின் குரல்தான். வீட்டை ஒரு சுற்று சுற்றினோம். சேந்தமங்கலத்துக்கு நேரமாகிவிட்டது. திரும்பி வரும்போதும் அதே வழி. மறுபாதிக்கும் அதே வழி. அடுத்த இரவும், அதற்கடுத்த இரவும். பழைய வளைவில் ஒரு சத்தம் இல்லை. முனியப்பன் தடம் மாறிவிட்டார். மூன்றாம் இரவு பண்ணையக்காரர் வீட்டு வாசலில் சுருட்டுக் கட்டும் கலயமும் இருந்தன. அவர் அவற்றைத் தொடவில்லை. எனக்கு அது வருத்தம்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. இரவு திரும்பும்போது நாங்கள் பழைய தடத்தில், இஞ்சினை நிறுத்திவிட்டு, இறக்கத்தில் உருட்டிக்கொண்டு வந்தோம். சுவர் நின்றிருந்தது. உள்ளிருந்து அவள் எழுந்து வந்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டிருந்தாள்.

"காலையில எசமாங்க ஊரைக் கூட்டுனாருங்க. மொகமெல்லாம் வெளுத்துப்போயி. முனி ஓட்டம் அவரு ஊட்டு வழியாத் திரும்பிருச்சின்னு ஊருக்கே தெரியும், யாரும் வாயத் தொறக்கல. பூசாரிதான் மெல்லக் கேட்டாரு, 'இப்ப உங்க ஊட்ட இடிக்கறதுங்களா சாமி?'ன்னு."

"என்ன சொன்னாருங்க?"

"ரொம்ப நேரம் யோசன பண்ணுனாருங்க. அப்பறம் சொல்றாரு, 'முனி வாரது கெடுதலு இல்லப்பா, அது காவலு. அவரு நடக்கற எடத்துல ஊடு இருந்தா அது பாக்கியம்'னு. எங்கூட்டுக்காரரு கேட்டாரு, 'அப்ப எங்கூடுங்க?'. அதும் பாக்கியந்தான், கட்டிக்கன்னுட்டாரு. கும்புடறதுக்கு வருசத்துக்கொரு சேவலு அறுத்துப்போடச் சொன்னாருங்க."

ஒரு சாஸ்திரம் முழுதாகப் புரள்வதை அன்றுதான் கண்டேன். புரட்டியவர் இரு கையாலும் காதைத் தேய்த்துக்கொண்டு, வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு நெடுநாள் அவரோடு போனேன். யுத்தம் வந்து பெட்ரோலுக்குப் பஞ்சமாகி, முதலாளி சேந்தமங்கலம் கொட்டகையைப் பிரித்தபோது வண்டியும் போயிற்று, அவரும் போனார். எங்கேயோ இன்னும் யாருக்கோ யாராகவோ இருந்துகொண்டிருப்பார்.

எனக்கு நினைவில் நிற்பது அந்த ஐப்பசி. தீர்ப்புக்குப் பிறகு சந்து வழியே போகவேண்டிய அவசியமில்லை. பழைய தடத்துக்கே திரும்பிவிட்டோம். சுவர் எழும்பி முடிந்து பனையோலை ஏறியது. மூன்று பேரும் மாட்டுச்சாளையை விட்டு உள்ளே குடிவந்துவிட்டார்கள். ஒரு இரவு அவள் மறுபடியும் தடத்தில் வந்து நின்றாள். இந்தமுறை சீமாறு இல்லை.

"எல்லாஞ் சரீங்க. உங்க சத்தத்துல புள்ள தூங்க மாட்டீங்குது. ராத்திரிக்கு நாலு வாட்டி எந்திரிச்சு அளுவுது. என்ன பண்றது?"

அவர் வாய் திறந்து ஆமாங்க என்றுகூடச் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் இரவு, வளைவுக்கு ஒரு கூப்பிடு தூரம் முன்னாலேயே இஞ்சினை நிறுத்தினார். போகும்போது அங்கே இறக்கம் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் மழையில் ஊறிய மேடு. "எறங்குங்க கவிராயரே" என்றார். பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டேன். அவர் வண்டியின் கைப்பிடியில் மார்பைக் கொடுத்துத் தள்ளினார். சக்கரம் சேற்றில் வழுக்கிற்று. விளக்கையும் அணைத்துவிட்டார், ஓலை இடுக்கு வழியாக வெளிச்சம் குழந்தையின் கண்ணில் விழும் என்று. கால் வழுக்கிய ஒரு இடத்தில் நான் இருமினேன். அவர் நின்று திரும்பி, "மெதுவாங்க" என்றார்.

வீட்டுக்குள் புருஷன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவன் முனிக்குப் பயந்து கட்டிலுக்கடியில் படுப்பதில்லை என்று தெரிந்தது. குழந்தையின் சத்தம் இல்லை. சேந்தமங்கலத்தில் ஒரு கொட்டகை ஜனம் வெறும் திரையைப் பார்த்து விசிலடித்து, பெஞ்சை உடைத்து, முதலாளியின் வம்சத்தை விசாரித்துக்கொண்டிருக்கும். கதாநாயகி என் தலைமேல் கனத்தாள். நாங்கள் ஓலைக் கூரையைத் தாண்டி, வேலியைத் தாண்டி, இனி உதைத்தாலும் கேட்காது என்கிற தூரத்தையும் தாண்டி, அதற்கப்பாலும் கொஞ்சதூரம் தள்ளிக்கொண்டே போனோம்.